போர்வையோட இன்னொரு முனை

ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஆனா எடில் சிக்னல் கல்லு மேல ஏறிடுவான். போனைப் பிடிச்ச கைய வடக்கால நீட்டி நின்னாதான் ரெண்டு கோடு வரும். கொஞ்சம் திரும்பினா அதுவும் போச்சு. கடல் மட்டத்துல இருந்து அவ்ளோ உசர மலை மேட்டுல, அங்க மழை காலமான பெப்ரவரி மாசக் காத்துல, ஒரு ஆளு கைய நீட்டிக்கிட்டு கல்லு மேல நிக்கிறத பாத்தா, யாருக்கோ வழி காட்டுறான்னு நினைப்பீங்க. அங்க வழி கேக்க ஆளே கிடையாது.

பொண்டாட்டி நெலி ஹூலியாக்கா டவுன்ல இருந்து கூப்பிடுவா. மொத்தம் ரெண்டு நிமிஷம்.

"பாலோமா எப்படி இருக்கா?"

"சூப்பரா இருக்கா. இந்தா, இங்கிருந்தே தெரியுது, பள்ளத்துல புரண்டு மண் குளியல் போட்டுட்டு இருக்கா."

"மழை காலத்துலயா?"

"இன்னைக்கு வெயிலு."

"ம். சரி, வைக்கிறேன். ஆறு ஸ்வெட்டர் தைச்சு நாளைக்கு குடுக்கணும்."

"நெலி, நீ சாப்..."

வச்சுட்டா.

விஷயம் இதுதான். அந்த மேட்டுல புருஷன் மந்தை வேற, பொண்டாட்டி மந்தை வேற. ஒரே பட்டியில அடையும், ஒண்ணா மேயும், ஆனா காதுல தொங்குற நூல் குஞ்சம் சொல்லிடும் எது யாரோடதுன்னு. போன ஏப்ரல்ல நெலி கிளம்பினப்ப கம்பளிக்காக வளத்த தன்னோட ஏழு அல்பாக்காவ வித்துட்டா. "இங்க காத்து மட்டும்தான்யா என்கூட பேசுது, நீ அந்த அளவு கூட பேச மாட்டேங்குற"ன்னு சொல்லிட்டு லாரில ஏறினா. சண்டை எல்லாம் இல்ல. சண்டை போட்டிருந்தாலாவது எடிலுக்கு திரும்பத் திரும்ப நினைச்சுப் பாக்க ஏதாவது இருந்திருக்கும்.

எட்டாவதுதான் பாலோமா. ஆத்தாக்காரி செத்துப் போனப்ப நெலியே புட்டிப்பால் குடுத்து வளத்த வெள்ளைக் குட்டி. அத விக்க அவளுக்கு மனசு வரல. கூட்டிட்டும் போக முடியல, ஏன்னா அப்பதான் சினை. கிடாவ பக்கத்துல விட்டதும் மூஞ்சியிலயே துப்பிட்டு ஓடினா. உக்காந்து குடுத்தா சினை இல்ல, துப்பினா சினை, அங்க அவ்ளோதான் பரிசோதனை. சினை அல்பாக்காவ லாரில ஏத்தி குலுக்கினா கலைஞ்சிடும். "குட்டி போட்டு, பால் மறந்ததும் நான் வந்து கூட்டிட்டு போறேன்"னு சொல்லிட்டு போனா.

வந்து. அந்த ஒரு வார்த்தையத்தான் எடில் பத்து மாசமா மென்னுட்டு இருந்தான்.

கல்லுல இருந்து இறங்கி பள்ளத்துக்குப் போனான். பள்ளம் பூரா சேறு. எந்த அல்பாக்காவும் சேத்துல குளிக்காது, காஞ்ச புழுதியிலதான் புரளும். மேட்டுல இருந்து பாக்கிறப்ப ஒரு வெள்ளை புரளுது, நல்ல செய்தி சொல்ல ஒரு சாக்கு கிடைச்சுது, சொல்லிட்டான். கிட்ட வந்து பாத்தா பாலோமா எந்திரிக்கிறா, உடனே படுக்கிறா, விலாவ திரும்பித் திரும்பிப் பாக்கிறா, பின்னங்காலால தன் வயித்தையே உதைக்கிறா. புழுக்கை மேட்டுல போய் நின்னு முக்குறா, ஒரு உருண்டை கூட விழல.

திரும்ப கல்லுக்கு ஓடினான். மூச்சு இரைக்க கால்நடை டாக்டரம்மாவுக்கு போன் போட்டு பாத்தத சொன்னான்.

யொவானா டாக்டர் கீழ ஊர்ல இருக்கா. இருபத்தெட்டு வயசுதான், ஆளு தோள் உசரம் கூட வர மாட்டா, ஒரு பழைய பைக்க வச்சுக்கிட்டு பதினேழு கிராமம் பாக்குறா.

"குட்டி எப்ப போடணும்ணே?"

"இன்னும் ரெண்டு மூணு வாரம் இருக்கு."

"பின்னாடி தண்ணி, ரத்தம், ஏதாவது?"

"ஒண்ணும் இல்ல."

"கர்ப்பப்பை முறுக்கிக்கிச்சுன்னு நினைக்கிறேன். ஈரத் துணிய பிழியிறோம்ல, அந்த மாதிரி உள்ள திருகி நிக்குது. திருப்பி விடலைன்னா ரெண்டும் போயிடும்."

"வாங்க டாக்டரம்மா."

"ஆத்துல இடுப்பளவு தண்ணி ஓடுதுணே. காலைல இறங்கிடும். வெளிச்சம் வந்ததும் வரேன். அவளை மெதுவா நடக்க விடுங்க. அப்புறம், உருட்டிவிட மூணு பேர் வேணும். நான் போக, உங்களோட சேத்து ரெண்டு பேர் இருக்கணும்."

ரெண்டு பேர். பக்கத்து வீடுன்னா ரெண்டு மணி நேர நடை. மழை காலத்துக்கு அவங்களும் மந்தைய ஓட்டிட்டு அந்தப் பக்கத்து மலைக்குப் போயிட்டாங்க. மந்தையில அறுபது தலை இருக்கு, கை இருக்கிறது ரெண்டே ரெண்டு, அதுவும் அவனோடது.

சும்மா இருக்க முடியல. பொம்பளைங்களுக்கு வயித்துல குழந்தை திரும்பலைன்னா மருத்துவச்சி போர்வையில போட்டு ஆட்டுவாங்கல்ல, அதையே செய்யலாம்னு பெரிய போர்வைய எடுத்துட்டு வந்தான். ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு பழுப்பு அல்பாக்காவுக்கு அவனும் நெலியும் இப்படி ஆட்டினாங்க. "மெதுவாயா, என்ன கோதுமையா புடைக்கிற"ன்னு அவ திட்டிக்கிட்டே சிரிச்சா. இப்ப பாலோமாவ போர்வை மேல படுக்க வச்சு, ஒரு பக்கத்து ரெண்டு முனைய பட்டிச் சுவர்ல துருத்திக்கிட்டு இருந்த கல்லுல கட்டினான். மறுபக்கத்த தான் பிடிச்சு தூக்கினான். பாலோமா சரிஞ்சு சுவத்துல இடிச்சா. திரும்ப தூக்கினான். திரும்ப இடிச்சா. மூணாவது தடவை அவளே முனகிக்கிட்டு எந்திரிச்சு நகந்துட்டா. இவன் போர்வை முனைய கையில பிடிச்சுக்கிட்டு நின்னான்.

யொவானா வெளிச்சம் வந்ததும் சொன்ன மாதிரியே வந்துட்டா, முட்டி வரைக்கும் நனைஞ்சு, உதடு நீலமா. பைக்க நிறுத்தின கையோட சுத்தி பாத்தா.

"எங்கணே இன்னொருத்தர்?"

"நான்தான்."

"ஏன், நீங்களே ரெண்டு ஆளா?"

அப்ப அவ கண்ணு சுவத்துல கட்டியிருந்த போர்வை மேல போச்சு. "இது என்ன?"

"ஆட்டிப் பாத்தேன். ஒரு பக்கம் நானு, ஒரு பக்கம் கல்லு."

"கல்லு நல்லா பிடிச்சுதா?"

"குறை சொல்ல முடியாது. திட்டவே இல்ல."

அவ சிரிக்கப் போனா, அவன் மூஞ்சிய பாத்துட்டு சிரிக்கல. பைய திறந்தா. பாலோமா இப்ப புரளக் கூட தெம்பில்லாம கழுத்த தரையில நீட்டிக் கிடந்தா. ஈறு வெளுத்துப் போயிருந்துச்சு. காதுக் குழாய வச்சு கேட்டு, "நூத்திப் பதினெட்டு. ஓடிக்கிட்டே இருக்கு இதயம்"னா. ஒரு ஊசி போட்டா. வெந்நியில கை கழுவி, கையுறைய மாட்டி, வழுக்கு மருந்து தடவிக்கிட்டா.

"என் கை சின்னதுன்னு காலேஜ்ல கிண்டல் பண்ணுவானுங்க. அல்பாக்காவுக்கு பின்னாடி கை விடணும்னா மட்டும் வரிசையில வந்து நிப்பானுங்க." பேசிக்கிட்டே கண்ண மூடிக்கிட்டா. விரல் மட்டும் உள்ள என்னமோ தேடுது. அப்புறம் பேச்ச நிறுத்திட்டா. எடில் பாலோமாவோட தலைய மடியில வச்சுக்கிட்டு டாக்டரம்மா மூஞ்சியவே பாத்துட்டு இருந்தான்.

"இருக்கு. ஒரு பக்கத்துச் சவ்வு மேல வந்து கம்பி மாதிரி விறைச்சு நிக்குது. பின்னாடி நின்னு பாத்தா வலது கைப் பக்கமா சுத்தியிருக்கு. உடம்பையும் அதே பக்கமா வேகமா உருட்டணும்."

"அதே பக்கமா? இன்னும் முறுக்காதா?"

"உள்ள இருக்கிற பைய நான் நகராம அமுக்கிப் பிடிச்சுப்பேன். உடம்பு மட்டும் சுத்திப் போய் அதோட சேந்துக்கும். தப்பான பக்கம் உருட்டினாதான் இன்னும் இறுகும். நேத்து கல்லு கூட எந்தப் பக்கம் ஆட்டினீங்க?"

எடில் யோசிச்சான். எந்தப் பக்கம்னு அவனுக்கு ஞாபகமே இல்ல.

"விடுங்கண்ணே. இப்ப ஆள் கணக்குதான் இடிக்குது. முன்னங்கால ஒருத்தர், பின்னங்கால ஒருத்தர், வயித்துல நானு."

எடில் போர்வைய அவுத்துட்டு வந்தான். "கால யாரும் பிடிக்க வேணாம் டாக்டரம்மா. வலது பக்கம் படுக்க வைப்போம். நாலு காலையும் கட்டிடுறேன். நான் முதுகுப் பக்கம் நின்னுக்கிறேன். கால் பக்கத்துப் போர்வை முனைய எட்டிப் பிடிச்சு என் பக்கம் இழுத்தா, மொத்தமா மல்லாந்து இந்தப் பக்கம் வந்துடும்."

யொவானா ஒரு நிமிஷம் மனசுக்குள்ள போட்டுப் பாத்தா. "யாரு சொல்லிக் குடுத்தது?"

"கல்லுதான்."

படுக்க வச்சாங்க. யொவானா முட்டி போட்டு ரெண்டு கையையும் விலாவுல அழுத்தினா. "மூணு எண்ணுவேன். வெடுக்குன்னு இழுக்கணும், யோசிக்கக் கூடாது."

இழுத்தான். பாலோமா மல்லாந்து, காலெல்லாம் வானத்த பாத்து, தொப்புன்னு மறுபக்கம் விழுந்தா. யொவானா உள்ள கை விட்டுப் பாத்துட்டு இல்லன்னு தலைய ஆட்டினா. மெதுவா குப்புறத் திருப்பி, பழையபடி வலது பக்கம் சாய்ச்சாங்க. ரெண்டாவது இழுப்பு. "கொஞ்சம் விட்டிருக்கு. கொஞ்சம்தான்." எடிலோட உள்ளங்கை தோலு உரிஞ்சு போச்சு. மழை பொடிப்பொடியா விழ ஆரம்பிச்சுது. போர்வை நனைஞ்சு கனமாயிடுச்சு.

மூணாவது தடவை இழுக்கிறப்ப யொவானாவே சேந்து உருண்டு அவன் கால்மாட்டுல வந்து விழுந்தா. சேறு பூசின மூஞ்சியோட அப்படியே படுத்துக்கிட்டே கைய உள்ள விட்டா.

விரல் உள்ள திரும்பத் திரும்பத் தேடுச்சு.

"டாக்டரம்மா."

"இருங்க." அப்புறம் மெதுவா, "தொளதொளன்னு ஆயிடுச்சுணே. ரெண்டு பக்கமும் சரியா கிடக்கு. உங்க கைய குடுங்க."

அவன் கைய இழுத்து பாலோமாவோட அடிவயித்துல வச்சா. சூடான கம்பளிக்குள்ள, உள்ள இருந்து ஏதோ ஒண்ணு அவன் உள்ளங்கைய ஒரு இடி இடிச்சுது. இந்தப் பத்து மாசத்துல அவன் கைய யாரும் தொட்டதில்ல. இன்னைக்கு காலைல மட்டும் ரெண்டு பேரு.

கட்ட அவுத்து விட்டதும் பாலோமா கொஞ்ச நேரம் கிடந்தா. அப்புறம் தள்ளாடி எந்திரிச்சு, புழுக்கை மேட்டுக்குப் போய், காலை அகட்டி நின்னு, பொலபொலன்னு கொட்டினா. ரெண்டு பேரும் அதையே பாத்துட்டு நின்னாங்க.

"இவ்ளோ அழகா நான் எதையுமே பாத்ததில்ல"ன்னா யொவானா.

"சூப் இருக்கு டாக்டரம்மா. சாப்பிட்டுட்டு போங்க."

"வாகாஸ்பாம்பா ஊர்ல சுமை தூக்குற லாமா ஒண்ணுக்கு தாடையில சீழ் வச்சிருக்குணே. ஆத்துல தண்ணி ஏறுறதுக்குள்ள தாண்டணும்." பைய கட்டினா. "ரெண்டு வாரத்துக்கு கண்ணுலயே வச்சிருங்க. திரும்ப முறுக்கினாலும் முறுக்கும். லாரி, பயணம்னு எதுவும் வேணாம். குட்டி போட்டதும் எனக்கு சொல்லுங்க."

பைக் சத்தம் மூணு வளைவு வரைக்கும் கேட்டுச்சு.

எடில் சூப்ப தொடாம கல்லுக்கு ஏறினான். திங்கக்கிழமை. அவனா நெலிக்கு போன் போட்டதே கிடையாது. அடிச்சதும் எடுத்துட்டா.

"செத்துட்டாளா?"

"இல்ல. இருக்கா. நேத்து நான் சொன்னது தப்பு நெலி. குளிக்கல, வலியில புரண்டிருக்கா. நான்தான் சரியா பாக்கல." எல்லாத்தையும் சொன்னான். கல்லு, போர்வை, மூணு தடவை உருட்டினது, கையில இடிச்சது. அவ்ளோ நேரம் அவன் பேசி அவளும் கேட்டதில்ல, அவனும் கேட்டதில்ல. அவ பக்கம் ஓடிக்கிட்டிருந்த தையல் மெஷின் சத்தம் பாதியிலயே நின்னு போச்சு.

"நீ தனியாவா போர்வைய பிடிச்ச?"

"டாக்டரம்மா வயித்துல இருந்தாங்க. போர்வைக்கு நான் மட்டும்தான்."

அவ மூக்க உறிஞ்சுற சத்தம் கேட்டுச்சு. அழுறாளா, ஜலதோஷமான்னு தெரியல. ஹூலியாக்காவுலயும் குளிருதான்.

"எடில், கேளு. நானே நேத்தே சொல்லணும்னு இருந்தேன், வாய் வரல. இங்க அக்கா வீட்டுல ஆளு படுக்கவே இடம் இல்ல. நான் எங்க கொண்டு வந்து கட்டுவேன்? அவளை நீயே வச்சுக்க. நீதான காப்பாத்தின. இனிமே அவ உன்னோடதுதான். குட்டியும்."

"அது உன்னோட..."

"மனசாரத்தான் குடுக்குறேன்யா."

நல்ல மனசோடதான் சொன்னா. அதுதான் அவனுக்கு தாங்கல. அவளுக்கு இந்த மேட்டுல மிச்சம் இருந்தது அது ஒண்ணுதான். அதக் கேக்கத்தான் போன் வந்துச்சு. அதக் கூட்டிட்டு போகத்தான் ஒரு நாளைக்காவது வர்றதா இருந்தா.

"குட்டி போட்டா சொல்றேன்"னான்.

"ம். நேரம் கிடைச்சா சொல்லு."

"பனியில உறைய வச்சு காயப் போட்ட கிழங்கு இந்தத் தடவை நல்லா வந்திருக்கு. ஒரு மூட்டை அனுப்பட்டா?"

"வேணாம்யா. இங்க கடையிலயே கிடைக்குது."

மெஷின் திரும்ப ஓட ஆரம்பிச்சுது. அவ வைக்கல, அவனும் வைக்கல. ஊசி கடகடன்னு துணியில ஓடுற சத்தத்த, சிக்னல் போற வரைக்கும், கைய நீட்டிக்கிட்டு நின்னு கேட்டான்.