மாப்பிள்ளை வாங்கிய மீன்தொட்டி

குடும்பத்தில் அவருக்குச் செய்தித் தாத்தா என்று பெயர். ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்து, கும்பிட்டுவிட்டு, போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்காருவார். சொந்தக்காரர்கள் எல்லாரும் இருக்கிற வாட்ஸப் குரூப்பில் பேசி அனுப்புவார். முதலில் பிரார்த்தனை. அப்புறம் குடும்பச் செய்தி. யார் பாஸ், யாருக்குக் காய்ச்சல், யார் வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள் எல்லாம் வரும். அப்புறம் அவருடைய மீன்தொட்டி. கடைசியில் இளவயசுக் கதை ஒன்று, பெரும்பாலும் அந்த சைக்கிள் ரேஸ் கதைதான். இரண்டு பேரும் ஒன்றாகவே கோட்டைத் தாண்டுவோம் என்று சிநேகிதனோடு பேசி வைத்திருக்க, கடைசி வளைவில் அந்தப் படுபாவி எழுந்து நின்று மிதித்துப் போய்விட்டான். "அவன் முதுகுதான்யா எனக்குக் கிடைச்ச பரிசு" என்று முடித்துவிட்டு அவரே சிரிப்பார். உடனே கைகூப்புகிற படமும் கட்டைவிரல் படமும் வரிசையாக வந்து விழும்.

பஸ் ஓட்டி ரிட்டையர் ஆனவர். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு மகன் வீட்டில் இருக்கிறார். மகள் அதே ஊரில் இன்னொரு கோடியில். அவளுக்கு இவர் அலைந்து திரிந்து பார்த்துக் கட்டிவைத்த மாப்பிள்ளை. கல்யாணமான புதிதில் அந்தப் பிள்ளைக்கு மீன் என்றால் தட்டில் இருப்பது மட்டும்தான் தெரியும். மாமனாரோடு பழகிப் பழகி அவருக்கும் பைத்தியம் பிடித்துவிட்டது. இருவரும் தொட்டி முன்னால் உட்கார்ந்துவிட்டால் சோறு ஆறிப்போகும். போன வருஷம் மாப்பிள்ளைக்கு வெளியூருக்கு மாற்றல் என்றார்கள். அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் வரும். "மாமா, ஏஞ்சல் மீன் முட்டை போட்டுச்சா?" என்று ஆரம்பித்தால் அரைமணி நேரம் போவதே தெரியாது. பெற்ற மகன்கூட இப்படி உட்கார்ந்து பேசியதில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, தொட்டியின் ஏர் பம்ப் ரப்பர் கிழிந்துவிட்டது என்று வளர்ப்பு மீன் கடைக்குப் போனார். கடைக்காரர் வலையால் கப்பி மீன் பிடித்துக்கொண்டே பேச்சுக் கொடுத்தார்.

"ஐயா, உங்க மாப்பிள்ளை உங்களையே மிஞ்சிடுவாரு போல. போன வாரம் மூணடித் தொட்டி எடுத்தாரு. நானே கொண்டுபோய் ஃபிட் பண்ணிக் குடுத்தேன்."

"போன வாரமா? அவரு வெளியூர்ல இல்ல இருக்காரு?"

"வெளியூரா? இங்கதான், பெட்ரோல் பங்க் பின்னாடி புது அப்பார்ட்மெண்ட். அந்தம்மாதான் எங்க வைக்கணும்னு இடம் காட்டுச்சு."

"எந்தம்மா? என் பொண்ணா?"

கடைக்காரர் கை அப்படியே நின்றது. அவருக்கு இவருடைய மகளைத் தெரியும். வலையிலிருந்த கப்பி துள்ளித் தரையில் விழுந்தது. அதை எடுக்கிற சாக்கில் குனிந்தவர் வெகுநேரம் நிமிரவே இல்லை.

"நான் ஒரு ஓட்டை வாயன்யா. மனசுல வெச்சுக்காதீங்க."

ரப்பர் வாங்காமலே வீட்டுக்கு வந்தார். மகன் சோபாவில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தான். மருமகள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் நடுக்கூடத்தில் நின்று கேட்டார்.

"மாப்பிள்ளை எங்கடா இருக்காரு?"

மகன் டிவி சத்தத்தைக் குறைத்தான். மருமகளைப் பார்த்தான். அந்த ஒரு பார்வையிலேயே தாத்தாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"எவ்வளவு நாளா?"

"ஒரு வருஷம் ஆகப்போகுதுப்பா. அவரு விட்டுட்டுப் போயிட்டாரு. விவாகரத்துக் கேஸ் கோர்ட்ல இருக்கு. உங்களுக்கு அப்பதான் நெஞ்சுல ஸ்டென்ட் வெச்சுது. கொஞ்சம் கொஞ்சமாப் பழக்கி அப்புறம் சொல்லலாம்னு…"

"பழக்குறதுக்கு நான் என்ன பையில கட்டின மீனாடா? பையோட தொட்டித் தண்ணியில மிதக்கவிட்டுப் பாத்துட்டு அவுத்து விடறதுக்கு?"

மருமகள் வாய்விட்டுச் சிரிக்கப் போய், சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். சிரிப்பு அழுகையாகிவிட்டது.

"குரூப்புல யாருக்கெல்லாம் தெரியும்?"

"எல்லாருக்கும் தெரியும் மாமா," என்றாள் அவள்.

நாலு மாசம் முன்னால்தான் மகளின் கல்யாண நாள் வந்தது. 'ரெண்டு பேரும் நூறு வருஷம் சேர்ந்து இருக்கணும், எல்லாரும் வேண்டிக்கோங்க' என்று குரல் தழுதழுக்கச் செய்தி வாசித்திருந்தார். அத்தனை பேரும் கைகூப்பியிருந்தார்கள். அவருடைய சொந்தத் தங்கச்சிகூட 'ஆமாண்ணே' என்று எழுதியிருந்தாள். தினம் காலையில் கண்ணை மூடி மகள், மாப்பிள்ளை என்று ஒரே மூச்சில் சொல்லித்தான் கும்பிடுவார்.

"என்னைக் கடவுள்கிட்டயே பொய் சொல்ல வெச்சுட்டீங்களேடா. அந்தக் கடவுள் என்னைப் பத்தி என்ன நெனச்சிருப்பாரு?" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "பாப்பாவுக்குமா சொல்லிக்குடுத்தீங்க?"

மகள் வயிற்றுப் பேத்திக்குப் பதினொரு வயசு. ஒவ்வொரு தடவை வரும்போதும், 'அப்பா நேத்து ராத்திரிதான் தாத்தா ஊருக்குக் கிளம்பினாரு, உங்களைப் பாக்க முடியலைனு ஸாரி சொல்லச் சொன்னாரு' என்பாள். கண்ணை இமைக்காமல் சொல்லுவாள்.

சாயங்காலம் மகள் ஓடி வந்தாள். அப்பா கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். கால்மாட்டில் உட்கார்ந்தாள்.

"அப்பா, என்னைத் திட்டுங்க. பேசாம மட்டும் இருக்காதீங்க."

"முப்பது வருஷம் பஸ் ஓட்டினவன்மா நான். பின்னாடி என்ன வருதுனு கண்ணாடியில பாத்துப் பாத்தே பொழச்சவன். வீட்டுக்குள்ள ஒண்ணும் தெரியல பாரு." திரும்பாமலே பேசினார். "சரி, நீங்க மறைச்சீங்க. அவரு ஏன் வாராவாரம் போன் பண்ணி நடிக்கணும்? அவ்வளவு பெரிய நடிகரா அவரு?"

அவள் கட்டில் சட்டத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"சொல்லும்மா."

"நான்தான்ப்பா கேட்டுக்கிட்டேன். வேற எதுவும் வேணாம், ஞாயித்துக்கிழமை மட்டும் எங்கப்பாகிட்ட ரெண்டு வார்த்தை பேசுங்கனு. சில வாரம் மறந்துடுவாரு. நான் போன் பண்ணி ஞாபகப்படுத்துவேன்."

தாத்தா எழுந்து உட்கார்ந்தார். மகளின் முகத்தை அப்போதுதான் சரியாகப் பார்த்தார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. இதைக்கூட ஒரு வருஷமாகக் கவனிக்காமல் மீனைப் பற்றியே பேசிக்கொண்டிருந்திருக்கிறார்.

"விட்டுட்டுப் போனவன்கிட்ட நீ போய்க் கெஞ்சினியா? நான் ஏஞ்சல் மீன் கதை பேசறதுக்கா?"

"அந்த அரைமணி நேரம் உங்க குரலே வேற மாதிரி இருக்கும்ப்பா. அதையும் பிடுங்க எனக்கு மனசு வரல."

அவளை அணைத்துக்கொள்ள வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. கை எழவில்லை. அந்தக் கூட்டுக்களவுக்கு இவள்தானே தலைவி. "போய்ச் சாப்பிடு" என்று மட்டும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. குளித்தார். கண்ணை மூடினார். மகள் பெயர் வந்தது. அடுத்ததும் பழக்க தோஷத்தில் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு பேத்தி பெயருக்குப் போனார்.

செய்தி சொல்லப் போனை எடுக்கும்போதே மணி அடித்தது.

"மாமா, நல்லா இருக்கீங்களா? தொட்டி எப்படி இருக்கு?"

"என் தொட்டி இருக்கட்டும். உங்க மூணடித் தொட்டி எப்படி இருக்கு?"

அந்தப் பக்கம் தொட்டி ஃபில்டர் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. நல்ல ஃபில்டர்தான்.

"மாமா, அது வந்து…"

"சின்ன வயசுல ஒருத்தன் என்னை ஏமாத்திட்டு முன்னாடி போனான், கதை கேட்டிருக்கீங்களே. அவன் எவ்வளவோ தேவலாம். என் கண்ணுக்கு முன்னாடி போனான். வாராவாரம் கூப்பிட்டு நலம் விசாரிக்கல." தண்ணீர் குடித்துக்கொண்டார். "என் பொண்ணு உங்ககிட்ட ஒண்ணு கேட்டாளாமே, அதை நான் வாபஸ் வாங்கிக்கறேன். இனிமே நீங்க கூப்பிட வேண்டாம். அவளும் உங்களுக்கு ஞாபகப்படுத்த மாட்டா. வெச்சிடுங்க."

அவரே வைத்துவிட்டார். நெஞ்சில் கை வைத்துப் பார்த்தார். எல்லாரும் பயந்த மாதிரி ஒன்றும் ஆகவில்லை. அதுவே இன்னும் ஆத்திரமாக இருந்தது.

அப்புறம் குரூப்பைத் திறந்து பேசினார்.

"எல்லாருக்கும் வணக்கம். ஆண்டவன் எல்லாரையும் நல்லா வெச்சிருக்கட்டும். குடும்பச் செய்தியை இந்த வாரத்திலேருந்து நீங்களே எனக்குச் சொல்லுங்க. என்னைவிட உங்களுக்குத்தான் நிறையத் தெரியுது. அவ்வளவுதான்."

மீனும் இல்லை, சைக்கிளும் இல்லை. அனுப்பினார். கேட்டுவிட்டார்கள் என்பதற்கு நீல டிக் விழுந்தது. ஒரு கட்டைவிரல்கூட வரவில்லை. மத்தியானம் வரை குரூப்பே ஊமையாகக் கிடந்தது. சமையலறையில் மகனும் மருமகளும் பாத்திரம்கூடச் சத்தம் போடாமல் கழுவினார்கள்.

மூன்று மணிவாக்கில் தனியாக ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. பேத்தி அனுப்பியது. நீளமாக இருந்தது. கட்டைவிரலை அதன் மேல் கொண்டுபோனவர் அப்படியே நிறுத்திக்கொண்டார். அந்தப் பிள்ளையின் குரல் அவருக்குத் தெரியும். கேட்டால் இந்த முறையும் நம்பிவிடுவார்.

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, எழுந்துபோய் மீனுக்குத் தீனி போட்டார்.