லேகியமும் முள்ளங்கியும்

குளிர் தொடங்கிவிட்டால் சீனாவில் எங்கள் சூஜோ நகரத்து மருந்துக்கடை வாசலெல்லாம் வரிசைதான். வைத்தியர் நாடி பிடித்து ஆளுக்கேற்ற மருந்து எழுதித் தருவார். அதைச் செம்புப் பாத்திரத்தில் லேகியமாகக் காய்ச்சி ஜாடியில் போட்டுக் கொடுப்பார்கள். முதுமை தள்ளிப்போகும் என்று ஊரே நம்புகிறது. எழுபது வயதுக்காரர்கள் பூங்காவில் ஆட இடம் பிடிக்க அடித்துக்கொள்கிறார்கள். பேருந்தில் எங்களுக்கு எழுந்து இடம் கொடுக்க நாதியில்லை. பேருந்து ஓட்டியே ஓய்வுபெற்றவன் நான், எனக்கே இந்தக் கதி.

என் மனைவி சாய்லானுக்கு மட்டும் லேகியம் கிடையாது. அவள் வயிறு தாங்காது என்று வைத்தியர் கையை விரித்துவிட்டார். நான் விடவில்லை, எனக்கு வாங்கிச் சாப்பிட்டேன். இரண்டே குளிர்காலம், மூன்று மாடி ஏறினாலும் மூச்சு வாங்கவில்லை. நரையின் அடியில் கருப்பு எட்டிப் பார்த்தது. சந்தையில் நண்டு விற்கிறவள் சாய்லானைக் காட்டி என்னிடம், "அக்காவுக்கு நல்லதா எடுத்துக் குடு தம்பி" என்றாள். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அவளோ நண்டே வேண்டாம் என்று நடையைக் கட்டினாள்.

இந்த வருஷம் ஜாடி பாதி காலியாகியும் மாடிப்படியில் நாய் மாதிரி மூச்சு இளைத்தது. வைத்தியரிடம் சண்டைக்குப் போனேன்.

"என்ன வைத்தியரே, போலிச் சரக்கா?"

"முள்ளங்கி சாப்பிட்டீங்களா? அது இந்த மருந்தை முறிச்சுடும்னு சொன்னேனே."

"கண்ணாலகூடப் பாக்கல."

"அப்ப உங்க சமையல்கட்டுல போய்க் கேளுங்க. என்கிட்ட கத்தாதீங்க."

வீட்டில் சாய்லான் கொழுக்கட்டைக்குப் பன்றிக்கறி கொத்திக்கொண்டிருந்தாள். முட்டைக்கோஸுக்கு அடியில், ரவை மாதிரி பொடிப்பொடியாக முள்ளங்கி.

"இது என்னடி?"

"முள்ளங்கி." கத்தி நிற்கவில்லை.

"எத்தனை நாளா?"

"ஜாடி வந்த நாள்லேருந்து."

"மருந்து முறிஞ்சிடும்னு தெரியாதா?"

"தெரிஞ்சுதான் போட்டேன். போய்ப் போலீஸ்ல சொல்லு." அப்புறம்தான் கத்தியைக் கீழே வைத்தாள். "உனக்கு முடி கருக்குது, எனக்குப் பல்லு விழுது. நான் மட்டும் தனியா கிழவியாகணுமா? கூடவே வர்றேன்னுதானே கட்டிக்கிட்ட?"

என்னைத் தன் பக்கத்திலேயே வைத்துக்கொள்ள ஒருத்தி திருட்டுத்தனமாக முள்ளங்கி நறுக்கியிருக்கிறாள். அறுபத்தாறு வயதில் எவனுக்குக் கிடைக்கும் இந்தப் பாக்கியம்? கண் கரித்தது. நன்றி சொல்லும் பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. கூடையில் மிச்சமிருந்த முள்ளங்கியைக் கழுவி அவள் முன்னால் வைத்தேன்.

"இப்படிப் பொடியா நறுக்கினா என்ன ருசி தெரியும்? பெருசு பெருசாப் போடு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "பல்லு இருக்குங்கற திமிரு உனக்கு, கிழவா."

அவள் வாயால் அந்த வார்த்தையைக் கேட்டு இரண்டு வருஷமாகிவிட்டது.