வெறுப்பே இல்லாத வார்டு

"தஸ்தகீர் பாய் இருமினா, ஆஸ்பத்திரியில ஊசிய எனக்குப் போடுவாங்க! எங்க வார்டு ஒத்துமை அப்படி!"

கவுன்சிலர் அருணகிரி இப்படி முழங்கியதும் உள்ளறைக் கதவு படாரென்று சாத்திக்கொண்டது. சாத்தியவள் நஸ்ரீன், அந்த வீட்டுக்காரர் தஸ்தகீரின் மகள். நர்சரிப் பள்ளி டீச்சர். கோயம்புத்தூரில் குண்டு வெடித்த வருஷத்து டிசம்பரில், பள்ளி வாசலில் வாட்ச்மேன் அவள் பையைப் பிடுங்கி, பிள்ளைகள் எதிரிலேயே தலைகீழாகக் கொட்டிச் சோதித்தான். அன்றிலிருந்து அவள் வேலைக்குப் போகவில்லை.

அருணகிரி பட்டுச்சேலை வியாபாரி. ஆரணியில் அவர் இல்லாத கமிட்டி கிடையாது. கோயில் கமிட்டி, நஸ்ரீனின் பள்ளிக்கூடக் கமிட்டி, சுடுகாட்டுக் கமிட்டி வரைக்கும் அவர்தான். அவர் தொண்டையைக் கனைத்தால் தூரத்து ஊரான சந்தவாசலில் மேய்கிற மாடு தலையைத் தூக்கிப் பார்க்கும். அவர் சேலைகளுக்கு அட்டைப்பெட்டி செய்து கொடுப்பவர் தஸ்தகீர். இருபது வருஷப் பழக்கம்.

"பொண்ணு ஏதோ கனவு கண்டுட்டு பயந்துகினு கீது பாய். நம்ம ஊர்ல டீச்சர் பையைக் கொட்டிப் பாப்பாங்களா? நான் நம்பவே மாட்டேன்."

"நம்பாட்டிப் போங்கண்ணா" என்றாள் தஸ்தகீரின் மனைவி ஷம்ஷாத். "இன்னிக்குக் கூட்டத்துல கை மட்டும் தூக்குங்க. அந்தப் பயிற்சி நடந்தா, பசங்களோட அம்மாங்க எதிர்ல ஒக்காந்து பேசிட்டு வேலைக்குப் போறேன்னு சொல்றா."

மத வெறுப்புக்கு எதிரான பயிலரங்கு அது. முஸ்லிம் தெருக்களில் தொடங்கி, பள்ளிக்கூடங்களிலும் நடத்தத் திட்டம். பாதிப் பணம் மாவட்டத்திலிருந்து வரும். மீதியை நகரமன்றம் போடவேண்டும். மன்றமோ சரிபாதியாகப் பிளந்து கிடந்தது.

"ஒரு கை இன்னா தங்கச்சி, ரெண்டு கையும் தூக்கறேன்! பாய், நீயும் வா. முன் பெஞ்சுல ஒக்காரு."

தஸ்தகீர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போய் முன் பெஞ்சில் உட்கார்ந்தார்.

மன்றத்தில் கவுன்சிலர் தனசேகரன் மேசையைத் தட்டிய தட்டில் தண்ணீர் டம்ளர்கள் நடனமாடின. "கால்வாய் நாறுது, தெருவிளக்கு எரியல. அவங்களுக்கு மட்டும் தனியா வகுப்பா? யார் வரிப்பணம் அது?"

'நானும் வீட்டு வரி கட்டிகினுதானே கீறேன்' என்று தஸ்தகீர் நினைத்துக்கொண்டார். அருணகிரி எழுந்தார். தஸ்தகீருக்கு முகம் மலர்ந்தது.

"தனசேகரன் சொல்றதுதான் நியாயம்" என்றார் அருணகிரி, மைக்கைப் பிடித்து. "நோவே இல்லாத ஒடம்புக்கு மருந்து எதுக்கு? என் வார்டுல வெறுப்பு இன்னா வெலைன்னு கேளுங்க, சரக்கே இல்லைம்பாங்க! சந்தேகமா? தோ, பாயே வந்துகீறாரு. எழுந்து சொல்லு பாய், உன்ன யாராச்சும் ஒரு வார்த்தை சொன்னதுண்டா?"

முன் பெஞ்சு எதற்கென்று தஸ்தகீருக்கு அப்போதுதான் விளங்கியது. 'இல்லைங்க' என்று ஒரு சொல் போதும். பெட்டி ஆர்டர் பேஜார் இல்லாமல் வந்துகொண்டிருக்கும். அவர் எழுந்தார்.

"என்னச் சொன்னதில்லீங்க. என் பொண்ணு பையைப் பள்ளிக்கூட வாட்ச்மேன் கொட்டுனான். அவ பாடம் சொல்லிக் குடுத்த பசங்க எதிர்ல."

"கமிட்டி சொல்லாம வாட்ச்மேன் கொட்டுவானா?" என்று தனசேகரன் சிரித்தார். "சும்மா கதை!"

கமிட்டி என்றதும் அருணகிரிக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. "கமிட்டி மேல இன்னாய்யா தப்பு? வட்டமா, கெட்டியா, காயிதத்துல சுத்தி ஒண்ணு பையில துருத்திகினு இருந்தா யாருக்குத்தான் பயம் வராது? அது பொரி உருண்டைன்னு எங்களுக்கு ஜோசியமா தெரியும்?"



"உருண்டைன்னு நான் சொல்லவே இல்லியேண்ணா" என்றார் தஸ்தகீர். "அது உங்க வூட்டு உருண்டை. கார்த்திகைக்கு உங்க சம்சாரம், பூங்காவனம் அண்ணி, நஸ்ரீனுக்குன்னு குடுத்தனுப்புனது."

யாரோ சிரித்தார்கள், பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்கள். ஓட்டெடுப்பு நடந்தது. அருணகிரியின் இரண்டு கைகளும் மேசைக்கு அடியிலேயே இருந்தன. பயிலரங்கு ஒரே ஓட்டில் தோற்றது.

வாசலுக்குப் போன தஸ்தகீர், நின்று திரும்பி வந்தார்.

"நாளையிலிருந்து பெட்டிக்கு வேற ஆளப் பாத்துக்கங்கண்ணா. காசு, ஓட்டு எல்லாம் உங்க இஷ்டம். வூட்டுக்குப் போய் எம்பொண்ணுக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லணும். அவ கண்டது கனவா?"

சந்தவாசல் மாட்டைத் தலைதூக்க வைக்கும் அந்தத் தொண்டையிலிருந்து, பக்கத்து நாற்காலிக்குக்கூட எட்டாத குரல் வந்தது. அணைக்க மறந்த மைக் மட்டும் அதைப் பிடித்து ஊருக்கெல்லாம் சொன்னது.

"இல்ல பாய்... நடந்துச்சு."