லிஸி டாக்டர் வைத்த தேர்தல்

நாய்க்கு ஊசி போடுவதில் லிஸி டாக்டரை மிஞ்ச இரிஞ்ஞாலக்குடாவில் ஆள் இல்லை. ஆட்களிடம் வேலை வாங்குவதில்தான் அவளுக்கு உயிர் போகும். கடிக்கிற நாய்க்கு வாய்க்கட்டு போடலாம், நாய் குளிப்பாட்டும் டிக்சனுக்கு எதைப் போடுவது?

இப்போது அதைவிடப் பெரிய தலைவலி வந்திருந்தது. பிரசன்னா போகப்போகிறாள். கிளினிக் திறந்த நாளிலிருந்து இருக்கிறவள். மற்றவர்கள் கை வைத்தால் சீறிப் பிறாண்டும் பூனைகூட அவள் பிடித்தால் அடங்கிப்போகும். பைபாஸில் புதிதாக வந்த பெரிய விலங்கு ஆஸ்பத்திரி அவளைக் கூப்பிட்டிருந்தது. மாதக் கடைசியில் போகிறேன் என்று அவள் வந்து சொன்னாள். லிஸிக்குப் போகாதீங்க என்ற சொல் வாய் வரை வந்தது. ஆனால், "ஓ, நல்ல விஷயம்தானே, வாழ்த்துகள்" என்று சொல்லிவிட்டாள். எல்லாம் வீம்பு.

அந்த ஞாயிற்றுக்கிழமை கொச்சியில் ஒரு வகுப்புக்குப் போனாள். ஊழியர்களை உற்சாகப்படுத்துவது எப்படி என்று டை கட்டிய ஒருவன் நாள் முழுக்கப் பேசினான். மாதம் ஒரு சிறந்த ஊழியரைப் பாராட்டுங்கள், அவரை ஊழியர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தால் இன்னும் நல்லது என்றான். அவன் வெளிமாநிலத்துக்காரன், ஓட்டு என்று சொன்னாலே இங்கே கட்சி பிரிந்துவிடும் என்பது அவனுக்குத் தெரியாது. கேரளத்தில் பிறந்து வளர்ந்த லிஸிக்காவது தெரிந்திருக்க வேண்டாமா?

எல்லோரும் பிரசன்னாவுக்குத்தான் போடுவார்கள், படம் முன்னறையில் தொங்கும், அவள் மனம் இளகி இருந்துவிடுவாள் என்பது கணக்கு. வெள்ளிக்கிழமை ரகசிய ஓட்டு என்று திங்கட்கிழமை அறிவித்தாள்.

மறுநாள் காலை எக்ஸ்ரே அறைக் கதவில் ஒரு போஸ்டர். 'உழைக்கும் கைகளின் தோழன் டிக்சனுக்கே உங்கள் ஓட்டு. சின்னம்: சோப்பு.'

"டேய் டிக்சா, என்னடா இது?"

"வேட்பாளர் அறிமுகம், டாக்டரே."

"மொத்தமே ஏழு பேரு! அதுக்குப் போஸ்டரா?"

"ஏழு பேருன்னா ஜனநாயகம் வேண்டாமா? நாய் குளிப்பாட்டுறவன்னா எல்லாருக்கும் இளக்காரம். அந்த நாத்தத்துல நின்னு பாருங்க, அப்பத் தெரியும்."

மத்தியானத்துக்குள் முன்னறையில் உட்காரும் ரஷீதாவும் களத்தில் குதித்தாள். அவள் சின்னம் மணி.

"வர்றவங்க திட்டெல்லாம் முதல்ல என் தலையிலதான் விழுது, டாக்டர். உள்ள நீங்க மருந்து கொடுக்கறீங்க, வெளிய நான் ஏச்சு வாங்கறேன். எனக்கு இல்லாத தகுதி சோப்புக்கு இருக்கா?"

புதன்கிழமை கிளினிக் இரண்டாகப் பிளந்தது. குளிப்பாட்டிய நாயை டிக்சன் கட்சி முன்னறைக்குக் கொண்டுவராது. வந்தவர்களின் பெயரை ரஷீதா கட்சி உள்ளே சொல்லாது. காலையிலிருந்து குட்டைக்கால் நாயோடு காத்திருந்த மேனோன் சார் கடைசியில் எழுந்து வந்தார்.

"நான் யாருக்குப் போடணும்னு சொல்லிடுங்கம்மா. போட்டுட்டு, நாயைக் காட்டிட்டுப் போயிடறேன்."

லிஸிக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. வியாழக்கிழமை டீயும் பழம்பொரியும் வைத்துச் சமரசப் பேச்சு நடந்தது. முடிவைச் சொல்ல எல்லோரும் கூட்டமாக அவள் அறைக்கு வந்தார்கள். முதல் பாதி மாதம் டிக்சன் படம், மறுபாதி ரஷீதா படம். ஏகமனதான தீர்மானம்.

"அப்ப பிரசன்னா சேச்சி?" என்று கேட்டாள் லிஸி.

"அவங்க போறவங்கதானே, டாக்டரே. போறவங்களுக்கு எதுக்குப் பதவி?" என்றான் டிக்சன்.

லிஸிக்குப் பொறுமை போய்விட்டது. "அட அறிவுகெட்டதுகளா! இந்தக் கூத்தெல்லாம் எதுக்கு வச்சேன்? அவங்க போயிடக் கூடாதுன்னுதானே வச்சேன்! சோப்புக்கும் மணிக்குமா வச்சேன்?"

கூட்டத்துக்குப் பின்னால் நின்ற பிரசன்னா கையைத் துடைத்துக்கொண்டே முன்னால் வந்தாள்.

"எனக்காகவா?"

ஆமாம் என்று லிஸி தலையாட்டினாள்.

"அன்னைக்கு வந்து சொன்னப்ப வாழ்த்துகள்னீங்க, டாக்டரே. இத்தனை வருஷம் இருந்திருக்கேன், போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்லலையேன்னு வீட்ல போய் அழுதேன். அன்னைக்கு எனக்குச் சோறு இறங்கலை."

"போகாதீங்க சேச்சி."

"பூனை பிடிக்க ஆள் இல்லாமலா?"

"பூனை கிடக்கட்டும். நீங்க இல்லாம எனக்கு இங்க ஒரு நாள்கூட ஓடாது." சொல்லும்போதே லிஸியின் கண் நிறைந்துவிட்டது.

பிரசன்னா அங்கேயே நின்று போனை எடுத்தாள். அந்த ஆஸ்பத்திரிக்காரர்களிடம், வரவில்லை, மன்னிச்சுக்குங்க என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். லிஸிக்கு ஒரு வாரமாக நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. சந்தோஷத்தில் வாய் சும்மா இருக்கவில்லை.

"சரி, இந்த எழவுத் தேர்தல் ரத்து. போஸ்டரைக் கிழிச்சுட்டுப் போய் வேலையைப் பாருங்க."

யாரும் அசையவில்லை.

"ரத்தா?" என்றான் டிக்சன். "அறிவிச்ச தேர்தலை ஒரே ஆள் எப்படி ரத்து பண்ண முடியும்?"

"அதைக் கேளு," என்றாள் ரஷீதா. டீயும் பழம்பொரியும் இல்லாமலே அவர்கள் இரண்டு பேரும் ஒத்துப்போனது இதில்தான். அடுத்த நிமிடம் எல்லோரும் வெளியே போய் வாசலில் வரிசையாக உட்கார்ந்தார்கள். தீர்மானத்தை ஏற்கும் வரை வேலை கிடையாதாம்.

அந்த நேரம் பார்த்து ஒருவர் கால் ஒடிந்த ஆட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"சேச்சி, வாங்க, இதைக் கொஞ்சம் பிடிங்க," என்று லிஸி திரும்பினாள். பிரசன்னா சேலையை ஒதுக்கிக்கொண்டு டிக்சனுக்கும் ரஷீதாவுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டிருந்தாள்.

"நீங்களுமா?"

"போறவளா இருந்தா பேசாம இருந்திருப்பேன், டாக்டரே. இனி இங்கதானே இருக்கப்போறேன். இவங்களை விட்டுக்கொடுக்க முடியுமா?"

லிஸி ஆட்டின் காலைத் தானே பிடித்துக்கொண்டு தானே கட்டுப் போட்டாள். வெளியே கோஷம் எழுந்தது. அதில் பிரசன்னாவின் குரல்தான் உரக்கக் கேட்டது.