எலுமிச்சையில் உட்கார்ந்த கீச்சான்

மரியநாயகம் எந்தப் பாவத்துக்கும் அஞ்சாதவன். ஆனால் மாதா மேல் செய்த சத்தியத்தை மட்டும் மீற மாட்டான். அந்த நல்ல குணம்தான் அவன் பெண்டாட்டி உர்சுலாவைக் கெடுத்தது.

கடல் தாண்டிப் பிழைக்க வந்த பிரிக்பீல்ட்ஸில், அவர்கள் குடியிருந்த ரயில்வே லயத்துக்குப் பின்னால் ஒரு மரக்கம்பம். புரட்டாசி பிறந்தால் அதன் உச்சியில் ஒரு கீச்சான் குருவி வந்து உட்காரும். கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை. வெட்டுக்கிளியைப் பக்கத்து எலுமிச்சை மரத்து முள்ளில் குத்திவைத்துச் சாவகாசமாகத் தின்னும். சித்திரையில் காணாமல் போய்விடும்.

அது தன் நாகப்பட்டினத்துக்குத்தான் போகிறது என்று உர்சுலா நம்பினாள். அங்கேயும் இதே குருவியைப் பார்த்து வளர்ந்தவள். பைத்தியக்காரி! அது போவது வடக்கே, சீனாவுக்கும் அப்பால். குளிருக்கு ஒதுங்கத்தான் இங்கேயும் வரும், அங்கேயும் வரும். இதை யார் அவளுக்குச் சொல்வது?

"அந்தக் குருவிகூட ஊருக்குப் போயிட்டு வருது. எங்கம்மா கண்ணை மூடறதுக்குள்ள என்னையும் ஒருதடவ கப்பலேத்தி விடுங்க" என்று தினமும் அரித்தாள்.

ஒருநாள் கள் வெறியில் மரியநாயகம் சீறினான். "போன குருவி திரும்பி வந்து அதே கம்பத்துல உக்காரட்டும், அனுப்புறேன். மாதா மேல சத்தியம்டி!"

அத்தனூண்டு குருவியாவது, திரும்புவதாவது என்று அவன் நினைப்பு. என்றைக்கு அதை அண்ணாந்து பார்த்தான்? கூட வேலை செய்யும் கன்னையா கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

"கெட்டீங்க அண்ணே! அது வருஷா வருஷம் அதே எடத்துக்குத்தான் வரும்."

மரியநாயகம் கணக்குப் போட்டான். இவள் போய்விட்டால் சோறு பொங்க யார்? மாதாவை ஏய்க்க முடியுமா? ஆவணிக் கடைசியில் குருவி அண்டாதபடி கம்பத்தின் உச்சியில் கறுப்புத் துணியைக் கட்டிப் படபடக்க விட்டான். எலுமிச்சைக் கொப்புகளில் பலாப்பிசினைத் தடவினான். குருவிக் கறிக்கு என்று சொன்னதும் உர்சுலா மிளகு அரைக்கவே போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, உரித்துத் தலை கிள்ளிய குருவிகளை அவள் கையில் கொடுத்தான். அவள் வறுத்தாள். இருவரும் உட்கார்ந்து தின்றார்கள்.

"புரட்டாசி பொறந்திருச்சு. கீச்சானை இன்னும் காணோமே" என்றாள்.

அவனுக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. "வந்திருச்சுடி. எலுமிச்சையில உக்காந்துச்சு. கம்பத்துல உக்காரலயே! நீ இப்ப திங்கிறது அதுதான்."

அவள் வாயில் இருந்ததைத் துப்பவுமில்லை, விழுங்கவுமில்லை. அப்படியே கேட்டாள்.

"அப்ப எங்கம்மா என்னப் பாக்காமத்தான் சாவுமா?"

"சத்தியம்னா சத்தியந்தான். மீறினா மாதா சும்மா விடுவாளா?" என்று சொல்லி, அவள் தட்டில் மிச்சமிருந்த கறியையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.