பொருந்தாததை அடிக்கவும்

எங்கள் ஊரில் சிறையிலிருந்து வருகிறவரோடு அவர் செய்த குற்றமும் வெளியே வரும். என்னுடையது இடுப்பளவு உயரம். முழுக்கைச் சட்டை போட்டிருக்கும், அதிகம் பேசாது. பஸ்ஸில் நான் ஜன்னலோரம் உட்கார்ந்தால் மட்டும் முறைக்கும்.

பக்கத்துக் கடைக்காரரின் மணிக்கட்டை உடைத்ததற்காக ஆறு மாதம் உள்ளே இருந்தேன். வழக்கு நடந்தபோது அந்த மணிக்கட்டின் எக்ஸ்ரே படத்தைத் தூக்கிக் காட்டினார்கள். வெட்கமாக இருந்தது, கண்ணை எடுக்கவும் முடியவில்லை. படித்தால் எக்ஸ்ரே டெக்னீஷியன் படிப்புதான் என்று அன்றே முடிவு செய்துவிட்டேன்.

விண்ணப்பிக்கக் கடைசி நாளில் கல்லூரிக்குப் போனோம். சைக்கிள் ஸ்டாண்டில் சிலர் தங்கள் குற்றங்களை டோக்கன் போட்டு நிறுத்திவிட்டு, கையை வீசிக்கொண்டு உள்ளே போனார்கள். எனக்கும் சபலம் தட்டியது. ஆனால் வெயில் கடுமை, என்னுடையதற்குத் தொப்பியும் கிடையாது. கூட்டிக்கொண்டே போனேன்.

அலுவலகக் கவுண்டரில் இருந்த சொர்ணம் மேடம் என் படிவத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒன்பதாவது வரியில் விரல் நின்றது. ‘முன்தண்டனை: உண்டு / இல்லை. பொருந்தாததை அடிக்கவும்.’

“ஏன் தம்பி, ரெண்டையும் அடிக்காம விட்டிருக்கீங்க?”

“இனிமே எதையும் அடிக்க மாட்டேன்னு கோர்ட்டுல எழுதிக் குடுத்திருக்கேன் மேடம்.”

அவர் தலையாட்டினார். அப்படி எழுதிக் கொடுத்தவர்கள் வருஷத்துக்கு நாலைந்து பேர் வருவார்களாம். “ஆனா ஒண்ணை அடிச்சாத்தான் சீட்டு. அஞ்சு மணிக்கு கவுண்டரை மூடிடுவோம்.”

மணி நாலு ஐம்பத்தைந்து. அடித்தால் கொடுத்த வாக்கு போச்சு, அடிக்காவிட்டால் படிப்பு போச்சு.

அப்போது என் குற்றம் நாற்காலியிலிருந்து இறங்கியது. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டது.

“நான் ஒண்ணும் எழுதிக் குடுக்கலையே” என்று சொல்லி, மேடத்தின் பேனாவை வாங்கி, ‘இல்லை’யை ஓங்கி ஒரே அடி அடித்தது.

மேடம் மிச்சமிருந்ததை வாசித்தார். “உண்டு.” முத்திரை குத்தினார். “உங்களுக்கு சீட்டும் உண்டு தம்பி.”

அப்பாடா என்றிருந்தது. ஒரு வருஷமாக அடைத்துக்கொண்டிருந்த மூக்கு திறந்தது போல மூச்சு விட்டேன்.

அதற்குள் அடிபட்ட ‘இல்லை’ படிவத்தில் முனகத் தொடங்கியிருந்தது. ‘லை’யின் கொம்பில் முறிவு இருக்கலாம் என்றார் மேடம். எக்ஸ்ரே அறை முதல் மாடியில். நானும் என் குற்றமும் ஆளுக்கொரு பக்கம் தாங்கிப் பிடித்து அதை மாடிக்கு ஏற்றினோம். மேஜையில் படுக்கவைத்து, மூச்சைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். பிடித்துக்கொண்டது.