உச்சாணிக்குத் தலை சுற்றியது

கட்டடம் எழும்புகிற அந்தத் தளத்தில் அவரை எல்லாரும் உச்சாணி என்றுதான் கூப்பிடுவார்கள். கிரேனின் உச்சியில், ஒரு ஆள் உட்கார்ந்தாலே நிறைந்துவிடுகிற கண்ணாடிக் கூண்டில் காலையில் ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவார். கம்பிக் கட்டோ கான்கிரீட் தொட்டியோ, எது மேலே போனாலும் அவர் கை வழியாகத்தான் போக வேண்டும். இரண்டு கையும் லீவரில் இருப்பதால், கீழே பேசுவதற்குக் காலடியில் ஒரு பொத்தான். மிதித்தால் அவர் குரல் கீழே உள்ள வாக்கிடாக்கி அத்தனையிலும் கேட்கும். காலை எடுத்தால் அவர்கள் பேசுவது இவருக்குக் கேட்கும். இத்தனை வருஷத்தில் அவர் கொக்கியிலிருந்து ஒரு ஆணிகூடத் தவறி விழுந்ததில்லை. அந்தப் பெருமை மனுஷனுக்குக் கொஞ்சம் ஜாஸ்தியாகவே உண்டு.

அப்படிப்பட்டவருக்குத் தலை சுற்ற ஆரம்பித்தது. குனிந்து கீழே பார்த்துவிட்டு நிமிர்ந்தால் போதும், கூண்டே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து நிற்கும். ஒருநாள் கம்பிக் கட்டு அந்தரத்தில் தொங்கும்போது அப்படி ஆகி, கட்டு பக்கவாட்டில் வீசிப் போய்விட்டது. கீழே நின்று கையசைத்து வழி சொல்கிற சிக்னல்காரர் பதறிப்போய்க் கத்தினார்.

"காத்துப்பா, காத்து," என்று சமாளித்தார் உச்சாணி.

"ஒரு இலை அசையல. உனக்கு மட்டும் தனியா காத்து வீசுதா?" என்றார் சிக்னல்காரர். பல வருஷக் கூட்டாளி, அதனால் அதற்குமேல் கிண்டவில்லை.

விஷயம் வெளியே தெரிந்தால் வேலை போச்சு. தலை சுற்றுகிறவனைக் கூண்டுக்குள் எவன் ஏற்றுவான்? மகள் இப்போதுதான் காலேஜில் காலெடுத்து வைத்திருக்கிறாள். பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால், கம்பெனிக்காரர்களைப் பரிசோதிக்கிற டாக்டரே அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். பெண்டாட்டியிடம் சொன்னால் அன்றைக்கே அவளுடைய அக்காவுக்குப் போய்விடும், அக்காவுக்குப் போனால் ஊருக்கே போன மாதிரி. கடைசியில் மச்சானிடம் வாய்விட்டார். பெண்டாட்டியின் தம்பி, செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறவன்.

"போன்லயே டாக்டர் மாமா. வீடியோல பேசலாம். உங்களுக்கும் அவங்களுக்கும் நடுவுல ஒரு ஈ புகாது," என்று அவன் ஒரு செயலியை ஏற்றிக் கொடுத்தான்.

செயலி கேமராவைக் கேட்டது, மைக்கைக் கேட்டது. இருக்கிற இடத்தைக் கேட்டது. அப்புறம் போனில் உள்ள நம்பர்களையெல்லாம் பார்க்கட்டுமா என்று கேட்டது.

"டாக்டருக்கு எதுக்குடா என் மாமியார் நம்பர்?"

"வேண்டாம்னு அழுத்துங்க மாமா. கேக்குறதுக்கெல்லாம் சரின்னு தலையாட்டணும்னு சட்டமா என்ன?"

மச்சான் ஒயர் இல்லாத இயர்போன் ஒன்றும் கொடுத்தான். உச்சாணி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒயர் இல்லாமலே என் காதுக்கு வருகிறது என்றால், இன்னொருத்தன் காதுக்கு மட்டும் போகாதா? வீட்டுக்கு வந்ததும் அதை மேஜை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினார்.

எங்கே உட்கார்ந்து பேசுவது என்று யோசித்தபோது அவருக்குத் தோன்றிய இடம் ஒன்றே ஒன்றுதான். மத்தியானச் சாப்பாட்டு நேரம், கிரேன் கூண்டு. காக்காய்கூட அவ்வளவு உயரத்துக்கு வராது.

செவ்வாய்க்கிழமை. என்ஜினீயர் லீவு, தளத்தில் கெடுபிடி இல்லை. கீழே எல்லாரும் சாப்பிட உட்கார்ந்துவிட்டார்கள். உச்சாணி முன் கண்ணாடி ஓரம் இருந்த பெரிய தண்ணீர் கேனை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, அந்த இடத்தில் போனைச் சாய்த்து நிறுத்தினார். டாக்டரம்மா வந்தார். சின்ன வயசுதான், ஆனால் நிதானமான பேச்சு. குனிந்தால் சுற்றுகிறதா, புரண்டு படுத்தால் சுற்றுகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"காதுக்குள்ள இருக்கிற கோளாறுதான், பயப்படாதீங்க. மாத்திரை எழுதறேன். போட்டா தூக்கம் வரும். குணமாகற வரைக்கும் வண்டி ஓட்டாதீங்க, உயரத்துல ஏறாதீங்க. என்ன வேலை பாக்குறீங்க?"

"துணிக்கடைல கல்லால உக்காந்திருக்கேங்க. தரையோட தரையா இருக்கிற வேலை," என்றார் உச்சாணி, மேகத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு.

மறுநாள் காலை ஏணியில் கால் வைக்கப் போனபோது, சிக்னல்காரர் ஹெல்மெட்டைச் சரிசெய்துகொண்டே, "மாத்திரை போட்டியாப்பா?" என்றார்.

உச்சாணி தூக்கிய காலைக் கீழே வைத்தார். "என்ன மாத்திரை?"

"இல்ல... பொதுவா கேட்டேன்." சிக்னல்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதோடு முடியவில்லை. சாயங்காலம் போனைத் திறந்தால், 'அடிக்கடி தலை சுற்றுகிறதா?' என்று ஒரு விளம்பரம் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. போச்சு. வித்துட்டான், என்னை வித்துட்டான்! எவன் விற்றான் என்பதுதான் தெரியவில்லை. செயலிக்காரனா, டாக்டரம்மாவா? இல்லை, கூடவே இருந்து குழி பறிக்கிற மச்சானா?

செயலியின் உதவி எண்ணுக்கு அடித்தார். 'உங்கள் அழைப்பு பதிவு செய்யப்படுகிறது' என்று ஒரு பெண்குரல் தேனொழுகச் சொன்னது. "இதையுமாடி பதிவு பண்றீங்க!" என்று கத்திவிட்டுப் போனை வைத்தார்.

அடுத்து நேராக மச்சான் கடைக்கே போய் நின்றார். "யார்கிட்டடா சொன்ன?"

"என்ன மாமா இது? அக்காகிட்டகூட மூச்சு விடல!" அவன் அவர் போனையே வாங்கி, செயலிக்குள் ஒரு மூலையைத் தட்டிக் காட்டினான். "இங்க பாருங்க. உங்க விவரத்தத் தொறந்து பாத்தது நீங்களும் டாக்டரும்தான். வேற யாரும் இல்ல."

"அத எழுதி வெச்சதே அவன்தானேடா! திருடன்கிட்டயே போய் சாட்சி கேக்கச் சொல்றியா?"

"அந்த விளம்பரம் நீங்க மாத்திரை பேரத் தேடினதால வந்திருக்கும் மாமா. தேடினீங்களா?"

தேடியிருந்தார். அதை ஒப்புக்கொள்ள மனசு வரவில்லை. அவனைக் கண்டபடி திட்டிவிட்டு வந்தார். இரவு வீட்டில் அதன் எதிரொலி வந்து சேர்ந்தது.

"எதுக்கு என் தம்பிய அழவெச்சீங்க? என்னன்னு கேட்டா அவனும் வாயத் தொறக்க மாட்டேங்குறான்," என்றாள் பெண்டாட்டி.

நடிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். கடவுச்சொல்லை மாற்றினார். கேமராவின் மேல் ஒட்டுத்தாள் ஒட்டினார். செயலியையே ஒரு தடவை அழித்துவிட்டு, மறுபடி டாக்டரைப் பார்க்க வேண்டுமே என்று திரும்ப ஏற்றினார். மாத்திரையை மட்டும் பயந்து பயந்து படுக்கப்போகும்போது போட்டார். பகலில் சுற்றல் நிற்கவில்லை.

தளத்தில் நிலைமை இன்னும் மோசம். கொக்கி ஒரு பக்கம் திரும்பினால் ஆட்கள் அந்தப் பக்கத்தைக் காலி செய்துவிட்டுப் போனார்கள். முன்பெல்லாம் தொட்டி இறங்குவதற்குள் ஓடி வந்து கை வைக்கிற கம்பிக்காரர்கள், இப்போது சுவரோரம் ஒதுங்கி நின்று, அது தரையைத் தொட்டு அடங்கிய பிறகுதான் கிட்டே வந்தார்கள். சிக்னல்காரர் மட்டும் நிற்க வேண்டிய இடத்திலேயே நின்றார். ஆனால் "மெதுவா, மெதுவா" என்பதைத் தவிர அவர் வாயில் வேறு வார்த்தை வரவில்லை. என்னைத் தீண்டத்தகாதவன் மாதிரி ஒதுக்குறாங்களே, ஊர் பூரா தெரிஞ்சுபோச்சா என்று மேலே உட்கார்ந்தபடி வயிறெரிந்தார் உச்சாணி.

அடுத்த செவ்வாய், டாக்டரம்மா திரும்ப வரச் சொன்ன நாள். அதே சாப்பாட்டு நேரம். தண்ணீர் கேனைக் கீழே இறக்கினார், போனைச் சாய்த்தார், ஒட்டுத்தாளைப் பிய்த்தார். 'மருத்துவர் விரைவில் இணைவார்' என்றது திரை. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

கீழே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் சட்டென்று அண்ணாந்து பார்த்தார்கள்.

உச்சாணி திகைத்தார். சிக்னல்காரர் சோற்றுக் கையோடு எழுந்து, திறந்த வெளிக்கு ஓடி வந்து, இரண்டு கையையும் அகல விரித்தார். 'நிறுத்து' என்பதற்கான சைகை. கொக்கியில் ஒன்றுமே தொங்கவில்லை, எதை நிறுத்தச் சொல்கிறார்? சிக்னல்காரர் தன் பாதத்தைக் காட்டினார். மறுபடி காட்டினார்.

உச்சாணி குனிந்து பார்த்தார். தண்ணீர் கேன், நிறைந்த கேன், பொத்தானின் மேல் சப்பென்று உட்கார்ந்திருந்தது.

வெடுக்கென்று தூக்கினார். உடனே சிக்னல்காரரின் குரல் வந்தது, மிகவும் தாழ்ந்த குரலில். "போன செவ்வாயும் இப்படித்தாம்ப்பா இருந்துச்சு."

அவ்வளவுதான் சொன்னார். அதற்குமேல் சொல்ல முடியாது, பத்தடி தள்ளி என்ஜினீயர் இடுப்பில் வாக்கிடாக்கியோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

உச்சாணி கேனையும் பொத்தானையும் மாறி மாறிப் பார்த்தார். இயர்போன் வேண்டாமென்று ஸ்பீக்கரில் போட்டுப் பேசியது அவர்தான். டாக்டரம்மா சொன்னது, இவர் புளுகிய துணிக்கடை, உயரத்தில் ஏறாதே என்றது, எல்லாம் போன வாரமே கீழே ஒவ்வொருத்தர் இடுப்பிலும் ஒலித்திருக்கிறது. ஒலித்தும், ஒருத்தர்கூட என்ஜினீயரிடம் போய்ச் சொல்லவில்லை. இவர் வேலை போய்விடக் கூடாதென்று வாயை மூடிக்கொண்டு, இவர் தூக்குகிற பாரத்துக்கு அடியில் பயந்து பயந்து வேலை செய்திருக்கிறார்கள். அடப்பாவி! மச்சானை அழவைத்தேனே. இவர்கள் ஒதுங்கியது என் மேல் உள்ள வெறுப்பால் அல்ல, உயிர் மேல் உள்ள ஆசையால்.

"வணக்கம்," என்று திரையில் டாக்டரம்மா வந்தார். "இப்ப எப்படி இருக்கு? உயரத்துல எங்கயும் ஏறலையே?"

கேன் மடியில் இருந்தது. பொத்தான் சும்மா கிடந்தது. இப்போது என்ன சொன்னாலும் ஒரு ஈ காக்காய்க்கும் தெரியாது. வாரம் பூரா அவர் ஏங்கியது இதற்குத்தான். கீழே பார்த்தார். சிக்னல்காரர் இன்னும் அதே இடத்தில், கொக்கிக்கு நேர் கீழே, சோறு காய்ந்த கையோடு நின்றுகொண்டிருந்தார். தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.

உச்சாணி காலை எடுத்துப் பொத்தானின் மேல் வைத்து அழுத்தி மிதித்தார்.

"டாக்டர், போன தடவ பொய் சொன்னேங்க. நான் கிரேன் ஓட்டுறவன். இப்பவும் மேலதான் இருக்கேன். தலை இன்னும் சுத்துது."

கீழே என்ஜினீயர் கையைச் சாப்பாட்டிலிருந்து எடுத்துவிட்டு, மெதுவாக அண்ணாந்து பார்த்தார்.

"ஐயய்யோ, தனியாவா இருக்கீங்க?" என்றார் டாக்டரம்மா.

"இல்லைங்க. எல்லாரும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க."

"தனியா இறங்காதீங்க. யாரையாவது வந்து கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க."

அதைச் சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை. சிக்னல்காரர் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு ஏணியில் ஏற ஆரம்பித்திருந்தார்.